ஒரு நாள் மூவெட் பயிலரங்கைப் பத்துச் சனிக்கிழமைகளாக மாற்றுங்கள்

மூவெட் பயிலரங்கு நடத்தும் கோயில் நிர்வாகங்களுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு, நாம் எல்லோரும் மூவெட் என்று சொல்கிற தேர்வு, நெருங்கும்போதெல்லாம் நீங்கள் நம் பிள்ளைகளுக்காக ஒரு நாள் பயிலரங்கு வைக்கிறீர்கள். மண்டபம், பேச்சாளர், போட்டோஸ்டேட், மதியச் சாப்பாடு என்று எல்லாச் செலவையும் ஏற்றுக்கொண்டு, பிள்ளைகளிடம் ஒரு காசு வாங்காமல் நடத்துகிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். அந்த அக்கறை பெரிது. அதே பணத்தையும் அதே ஆட்களையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை இன்னும் மேலே ஏற்றிவிட முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். வாசிப்பு, எழுத்து ஆகிய இரண்டு தாள்களுக்கும் மாணவர்களைத் தயார் செய்து, அவர்கள் கட்டுரைகளைத் திருத்துகிறவர்கள் நாங்கள். கேட்டல், பேச்சுத் தாள்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வைக்கும் அந்த ஒரு நாளை, தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கும் பத்துச் சனிக்கிழமைகளாக, தலா இரண்டு மணி நேரமாகப் பிரித்துவிடுங்கள். காலையிலிருந்து மாலை வரை மண்டபத்தில் உட்கார்ந்து கேட்ட பிள்ளை தேர்வைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறது. அன்றைக்கு அது ஒரு பத்தி ஆங்கிலம்கூட எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் அதைப் படித்துப் பார்க்க அந்த மண்டபத்தில் யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

வேறு எதையும் மாற்றுவதற்கு முன், கையில் கொடுக்கும் தாள்களைப் பாருங்கள். 2021 முதல் தேர்வின் அமைப்பு மாறிவிட்டது. பழைய எழுத்துத் தாளுக்கு 90 நிமிடம். வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து ஓர் அறிக்கை எழுத வேண்டும், பிறகு 350 சொல்லில் ஒரு கட்டுரை. இப்போது 75 நிமிடம். முதல் வேலை குறைந்தது 100 சொல்லில் ஒரு மின்னஞ்சல் அல்லது கடிதம், இரண்டாவது குறைந்தது 250 சொல்லில் கட்டுரை. வாசிப்புத் தாளும் 45 கேள்வி, 90 நிமிடம் என்பதிலிருந்து 40 கேள்வி, 75 நிமிடமாகிவிட்டது. அப்படியிருந்தும் வரைபடப் பயிற்சிகள் இன்னமும் போட்டோஸ்டேட்டாகிக் கை மாறிக்கொண்டிருக்கின்றன. ஒரு தாளில் வரைபடம் இருந்தால், 350 சொல் என்றிருந்தால், 'சரி, தவறு, குறிப்பிடப்படவில்லை' என்ற மூன்று விடை இருந்தால் அது பழையது. அதை ஒதுக்கிவிடுங்கள். மலேசியத் தேர்வு மன்றத்தின் இணையத்தளத்தில் புதிய அமைப்பின் விவரக் குறிப்பு கிடைக்கிறது. அதை இறக்கி அச்செடுத்து, வகுப்புக்கு ஒரு பிரதியாவது வையுங்கள்.

மதிப்பெண் பங்கீடும் மாறியிருக்கிறது. முன்பு வாசிப்புக்கு மட்டும் 40 விழுக்காடு இருந்தது. இப்போது நான்கு தாளுக்கும் தலா 90, மொத்தம் 360. எழுத்தில் சறுக்கியதை வாசிப்பில் பிடித்துக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இனி உதவாது. பேண்ட் என்கிற தரநிலைகளுக்கு நடுவில் அரைப் பேண்டும் வந்துவிட்டது. 163 எடுத்தவருக்கு 3.0, 164 எடுத்தவருக்கு 3.5. தான் விரும்பும் துறைக்கு எந்தப் பேண்ட் வேண்டும் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் முதல் நாளே தன் நோட்டின் அட்டையில் எழுதி வைக்கட்டும்.

இனி வாசிப்பு. நாற்பது கேள்விக்கு 75 நிமிடம் என்றால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை, பனுவலைப் படிக்கும் நேரமும் அதற்குள்தான். ஏழு பகுதிகளில் கேள்விகள் 4, 5, 5, 6, 6, 7, 7 என்று வருகின்றன. முன்னால் இருப்பவை எளியவை, பின்னால் போகப் போகப் பனுவல் நீண்டு கனத்துக்கொண்டே போகும். பிள்ளைகள் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான்: எளிய மூன்று பகுதிகளில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டு, கடைசி 14 கேள்விகளுக்கு விடைத்தாள் வட்டங்களை அவசரத்தில் கறுப்பாக்குகிறார்கள். முதல் பகுதிக்கு 5 நிமிடம், இரண்டுக்கும் மூன்றுக்கும் எட்டு எட்டு, நான்குக்கும் ஐந்துக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு, ஆறுக்கும் ஏழுக்கும் பதின்மூன்று பதின்மூன்று என்று வைத்தால் 71 நிமிடம் ஆகும். மிச்சம் நான்கு நிமிடம் விட்டுப்போன வட்டங்களைப் பார்க்க. இந்த எண்களை வாயால் சொன்னால் போதாது. வகுப்பில் சுவர்க் கடிகாரத்தை வைத்து, நேரம் முடிந்ததும் அடுத்த பகுதிக்குத் திருப்பச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் தவிப்பார்கள், பிறகு கை பழகிவிடும்.

ஆனால் தாள் தாளாகச் செய்ய வைப்பது மட்டும் பயிற்சி ஆகாது. இருபது தாள் செய்து, விடையைச் சரிபார்த்து, மதிப்பெண்ணை எழுதிவிட்டு அடுத்ததை எடுக்கிற பிள்ளை அதே தவற்றை இருபது முறை செய்திருக்கும். ஒவ்வொரு தவறான விடைக்கும் நோட்டில் ஒரு வரி எழுத வையுங்கள். கேள்வி எண், தான் போட்டது, சரியானது, சரியான விடை பனுவலின் எந்த வரியில் இருக்கிறது, தான் ஏன் ஏமாந்தேன். கடைசிக் கட்டம்தான் முக்கியம். அதில் வரும் காரணங்கள் நான்கைந்துக்கு மேல் போகாது. பனுவலில் இருக்கும் அதே சொல் விடையில் இருந்ததைப் பார்த்துப் போட்டது ஒன்று. உலகத்தில் உண்மைதான், ஆனால் பனுவலில் சொல்லாதது இன்னொன்று. 'எல்லாம்', 'எப்போதும்', 'மட்டும்' என்று விடை மிஞ்சிப் போனதைக் கவனிக்காதது மூன்றாவது. வேறொரு கேள்விக்கான சரியான விடையை இங்கே போட்டுவிடுவதும் உண்டு.

எடுத்துக்காட்டாக, கைப்பேசியை அனுமதித்த பிறகு மாணவர் வருகை கூடியிருப்பதாகச் சில ஆசிரியர்கள் நம்புகிறார்கள் என்று பனுவல் சொல்கிறது. கைப்பேசியால் வருகை கூடியது என்று ஒரு விடை நிற்கிறது. சொல்லெல்லாம் பொருந்துகிறது. 'சில', 'நம்புகிறார்கள்' என்ற இரண்டும் காணாமல் போயிருக்கின்றன. விடையிலிருந்து எந்தச் சொல் காணாமல் போனது என்று தேடச் சொல்லிக்கொடுத்தால் கடைசி இரண்டு பகுதிகளில் நான்கு விடைகளை இரண்டாகக் குறைப்பது எளிது.

ஐந்தாம் பகுதியை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் இங்கே வீணாக மதிப்பெண் விடுகிறார்கள். பனுவலிலிருந்து ஆறு வாக்கியங்களை எடுத்து வெளியே வைத்திருப்பார்கள், கூடவே பொருந்தாத ஒன்றும் இருக்கும். எது எங்கே போகும்? கருத்தை மட்டும் பார்த்தால் இரண்டு மூன்று வாக்கியம் ஒரே இடத்தில் பொருந்துவது போலத் தெரியும். வாக்கியத்தை வாக்கியத்தோடு இணைக்கும் தையலைப் பார்க்க வேண்டும். ஈப்போ பக்கத்துப் பழைய ஈயச் சுரங்கக் குட்டையைப் பற்றி ஒரு பனுவல் என்று வைத்துக்கொள்வோம். 'கிராமத்தினர் சிலர் ஒரு குட்டையில் மீன் வளர்க்க முடிவு செய்தார்கள்' என்று ஒரு வரி. அடுத்தது காலி இடம். அதற்கடுத்து, 'ஆனால் இரண்டே ஆண்டில் அது திலாப்பியா மீனால் நிறைந்துவிட்டது'. வெளியே மூன்று வாக்கியம் நிற்கிறது. 'ஒரு குட்டை பிள்ளைகளுக்கு ஆபத்தாக முடியலாம்.' 'அந்த மீன்களைச் சந்தையில் விற்றார்கள்.' 'அந்தக் குட்டை பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்தது.' முன் வரியில் ஒரு குட்டை அறிமுகமாகிவிட்டதால் அடுத்து அதையே சொல்லும்போது ஆங்கிலத்தில் 'எ' (a) போய் 'தி' (the) வரும். அதனால் முதலாவது பொருந்தாது. பின் வரியில் 'அது' இருக்கிறது, 'ஆனால்' இருக்கிறது. 'அது' ஒருமை, ஆகவே மீன்களைச் சுட்டாது. 'ஆனால்' என்பதற்கு எதிரான ஒரு நிலை முன்னால் இருக்க வேண்டும். சும்மா கிடந்த குட்டைதான் அது.

தமிழில் 'எ', 'தி' கிடையாது, மலாயிலும் அப்படியே இல்லை. அதனால் நம் பிள்ளைகள் அந்தச் சின்னச் சொற்களைக் கண்ணால் தாண்டிவிடுகிறார்கள். முதல் தடவை 'ஒரு குட்டை', அடுத்த தடவை 'அந்தக் குட்டை' என்று தமிழில் சொல்லும் இடத்தைக் காட்டிக்கொடுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். தாய்மொழியை வகுப்புக்கு வெளியே நிறுத்த வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான்.

எழுத்துக்கு வருவோம். மின்னஞ்சல் எளிது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கேள்வியில் கொடுத்திருக்கும் மின்னஞ்சலைச் சுற்றிக் குறிப்புகள் இருக்கும், அவை அத்தனைக்கும் பதில் எழுத வேண்டும். ஆங்கிலம் அழகாக இருந்தும் ஒரு குறிப்பை விட்டுவிட்டால் கேட்ட வேலையை முடித்ததாகாது. பென்சிலால் குறிப்புகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, எழுதி முடித்ததும் ஒவ்வொன்றாக அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு வாக்கியம், ஒன்று பதில், மற்றது காரணமோ விவரமோ. 120லிருந்து 140 சொல் போதும். நண்பனுக்கு எழுதும்போது ஆரம்பத்தில் கலகலப்பாகவும் முடிவில் அலுவலகக் கடிதம் போலவும் எழுதுவது இன்னொரு பழக்கம். மனப்பாடம் செய்த கடைசி வரியால் வருவது அது. இந்த வேலைக்கு 25 நிமிடம். அதைத் தாண்டினால் கட்டுரைக்கான 50 நிமிடத்திலிருந்துதான் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

கட்டுரையில் முதல் பத்து நிமிடம் பேனா பத்தி எழுதக் கூடாது. தலைப்பில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் பார்த்து, கேட்டது கருத்தா, இரு தரப்பு விவாதமா, சிக்கலும் தீர்வுமா என்று முடிவு செய்ய வேண்டும். பல்கலைக்கழக மாணவர்கள் பகுதி நேர வேலை செய்யலாமா என்பது தலைப்பு என்றால், வேலையின் நன்மைகளை மட்டும் எழுதித் தள்ளுகிற கட்டுரைகள் நிறைய வருகின்றன. 'பல்கலைக்கழக மாணவர்' என்ற சொல் அவற்றில் வேலையே செய்யாது. விரிவுரை நேரம், விடுதி, கல்விக் கடன் இவையெல்லாம் அந்தச் சொல்லோடு ஒட்டி வர வேண்டியவை. முன்னுரை 40 சொல், நடுவில் இரண்டு பத்தி நூறு நூறு, முடிவுரை 35 என்றால் 275 ஆகிறது. மூன்று நான்கு காரணங்களை ஆளுக்கு இரண்டு வரியாகத் தூவுவதைவிட இரண்டை ஆழமாக எழுதுவது நல்லது. ஒரு பத்திக்குள் சொல்ல வந்தது, ஏன் அப்படி, எங்கே பார்க்கலாம், அதனால் தலைப்புக்கு என்ன என்ற நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கட்டுரைகளில் மூன்றாவது இருக்காது.

சொற்களை எண்ணித் தேர்வில் நேரம் போக்க வேண்டாம். தன் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் விழும் என்று வகுப்பிலேயே எண்ணி வைத்துக்கொள்ளட்டும். ஒன்பது என்றால் 28 வரியில் 252. தேர்வு நாளில் வரியை எண்ணினால் போதும். கணினி வழியாக எழுதப் போகிறவர்கள் பயிற்சியையும் கணினியிலேயே செய்யட்டும், கையால் எழுதிப் பழகிவிட்டு விசைப்பலகையில் தடுமாறுகிறார்கள்.

மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யச் சொல்லிக் கொடுப்பதை அன்புகூர்ந்து நிறுத்துங்கள். உலகமயமாதல் காலத்தில் என்று தொடங்கும் அந்த முன்னுரை எந்தத் தலைப்புக்கும் பொருந்தும், அதனாலேயே எந்தத் தலைப்புக்கும் பதிலாகாது. திருத்துகிறவர் கண்ணுக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும், இரண்டாம் பத்தியில் பிள்ளையின் சொந்த ஆங்கிலம் வந்ததும் இன்னும் பளிச்சென்று தெரியும்.

இலக்கணப் பிழைகளை எடுத்துக்கொண்டால், நம் பிள்ளைகளுடையவை தாறுமாறானவை அல்ல. பெரும்பாலும் மூன்று மொழி உரசுகிற இடத்தில் வருகின்றன. மலாயில் 'டுவா புக்கு', பேச்சுத் தமிழில் 'ரெண்டு புத்தகம்', இரண்டிலும் பன்மை விகுதி இல்லை. ஆகவே ஆங்கிலத்திலும் 'டூ புக்' என்று விழுகிறது. மலாயில் வினைச்சொல் காலத்துக்கும் ஆளுக்கும் மாறாது, இடைநிலைப்பள்ளி முழுக்க அந்த மொழியில் படித்த பிள்ளை 'ஷி கோ' என்று எழுதுகிறது. இங்கே தமிழ் கைகொடுக்கும். 'நான் போகிறேன்', 'அவள் போகிறாள்' என்று தமிழில் வினை மாறுவதைக் காட்டி, ஆங்கிலத்தில் 'அவள்', 'அவன்', 'அது' வந்தால் மட்டும் ஓர் 'எஸ்' ஒட்டுகிறது என்றால் பதிந்துவிடும். 'டிஸ்கஸ் அபவுட்' என்பதும் இப்படித்தான். தமிழில் ஒன்றைப் பற்றி விவாதிக்கிறோம், மலாயிலும் 'தெந்தாங்' சேர்த்துச் சொல்கிறோம், ஆங்கிலத்தில் அந்த 'பற்றி' வினைக்குள்ளேயே இருக்கிறது.

'ஆல்தோ' போட்டுத் தொடங்கி நடுவில் 'பட்' போடுவது இன்னொன்று. மலாயில் 'வலாவ்புன்' வந்தால் 'தெத்தாப்பி'யும் கூடவே வந்துவிடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. 'மழை பெய்தாலும் ஆனால் போனேன்' என்று தமிழில் யாராவது சொல்வார்களா என்று கேளுங்கள். வகுப்பே சிரிக்கும், பிழையும் போய்விடும்.

இனி திருத்தும் வேலை. உங்கள் உதவி உண்மையில் தேவைப்படுவது இங்கேதான். ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்துக் குறிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். 24 பிள்ளைகள் என்றால் 288 நிமிடம், ஏறக்குறைய ஐந்து மணி நேரம், அதுவும் வாராவாரம். ஓர் ஆசிரியரால் நான்காவது வாரம் தாங்க முடியாது, திருத்தாத தாள்கள் குவியும், பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். மூவெட்டில் 4.5 அல்லது அதற்கு மேல் எடுத்து இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் மூன்று பேரைப் பிடியுங்கள். தலா எட்டுத் தாள், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பேச்சாளருக்குக் கொடுக்கும் சன்மானத்தை இவர்களுக்குப் பயணச் செலவாகக் கொடுக்கலாம்.

அவர்கள் பிழையைத் திருத்தி எழுதிக் கொடுக்கக் கூடாது. பிழை உள்ள வரிக்கு நேராக ஓரத்தில் ஓர் எழுத்து மட்டும் போடட்டும்: காலம் என்றால் 'கா', பன்மை என்றால் 'ப', எழுவாயும் வினையும் ஒட்டவில்லை என்றால் 'எ', சொல் பொருந்தவில்லை என்றால் 'சொ', பொருளே விளங்கவில்லை என்றால் கேள்விக்குறி. எந்தச் சொல் என்று பிள்ளையே தேட வேண்டும். தேடிக் கண்டுபிடித்த பிழை திரும்ப வருவது குறையும், சிவப்பு மையில் யாரோ திருத்தியதைப் பெரும்பாலும் யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. தாளின் அடியில் கருத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதினால் போதும், 'இரண்டாம் பத்தியில் எடுத்துக்காட்டு இல்லை' என்பது போல. 'நன்று', 'முயற்சி தேவை' என்பவை பிள்ளைக்கு ஒன்றும் சொல்வதில்லை. வார நடுவுக்குள் தாள் திரும்பிவிட வேண்டும், அதே கட்டுரையை அடுத்த சனிக்கிழமைக்குள் திருத்தி எழுதி வர வேண்டும். ஐந்து தலைப்பை இரண்டு முறை எழுதிய பிள்ளை, பத்துத் தலைப்பை ஒருமுறை எழுதிய பிள்ளையைவிட நன்றாக எழுதுவதை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

பத்து வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் சனிக்கிழமை முன்னுரை, திறப்புரை எதுவும் வேண்டாம். பிள்ளைகள் வந்ததும் முழு வாசிப்புத் தாள், 75 நிமிடம், பிறகு தவற்று நோட்டு. அடுத்த இரண்டு வாரம் முதல் மூன்று பகுதிகளும் மின்னஞ்சலும். நான்கிலிருந்து ஏழு வரை நான்காம், ஐந்தாம் பகுதிகளும் கட்டுரையும். எட்டிலும் ஒன்பதிலும் கடைசி இரண்டு பகுதிகள், கடிகாரம் வைத்த முழுக் கட்டுரை. பத்தாவது வாரம் இரண்டு தாளும் சேர்த்து 150 நிமிடம், அன்றைக்கு மட்டும் வகுப்பு நீளும். இரண்டிலிருந்து ஒன்பது வரை, வகுப்பின் 120 நிமிடத்தில் 50 வாசிப்புக்கு, 50 எழுத்துக்கு, மிச்சம் இருபது சென்ற வாரத் தாளைப் பற்றிப் பேச.

வீட்டில் வாரத்துக்கு நான்கு நாள், இருபது நிமிடம். தி ஸ்டார், நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் எதுவானாலும் சரி, ஒரு கருத்துக் கட்டுரையை அகராதி இல்லாமல் ஒரு தடவை படித்து, ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஐந்தாறு சொல்லில் தமிழிலோ ஆங்கிலத்திலோ அது என்ன சொல்கிறது என்று எழுத வேண்டும். பிறகு அகராதி. தெரியாத சொற்களில் ஐந்துக்கு மேல் குறித்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொன்றையும் அது வந்த வாக்கியத்தோடு எழுத வேண்டும், தனியாக எழுதிய சொல் கட்டுரையில் தவறான துணையோடுதான் வந்து நிற்கும்.

பள்ளிப் பேருந்து இல்லாத தோட்டப்புறங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை பயணம்தான் பெரிய தடை. பத்து வாரம் வேன் ஏற்பாடு செய்ய முடிந்தால் மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிடலாம்.

ஓரக் குறியீடுகளை ஒரு பக்கத்தில் விளக்கி, குறியிட்ட மாதிரிக் கட்டுரைகள் மூன்றைச் சேர்த்து வைத்திருக்கிறோம். திருத்துகிற மூன்று பேரை நீங்கள் சேர்த்துவிட்டால், முதல் வகுப்புக்கு முந்தின வாரம் வந்து ஒரு மாலை அவர்களோடு உட்கார்ந்து ஒரே தாளை எல்லோரும் குறியிட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அதற்கு எங்களுக்கு எதுவும் தர வேண்டாம். ஒரு கரும்பலகையும், நேரம் சரியாகக் காட்டும் ஒரு கடிகாரமும் உள்ள அறை இருந்தால் போதும்.

அன்புடன்,
மூவெட் வாசிப்பு, எழுத்துப் பயிற்சி ஆசிரியர்கள் சிலர்